ஏழரை மணிக்கு மூடும் கேட்

ஏழு மணி இருபத்தொன்பது நிமிஷத்துக்கு உடையப்பன் சுவர் ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். நல்லதம்பியின் விறகு வண்டி அப்போதுதான் கருவேல மரத்து வளைவில் திரும்பியது. ரயில்வே கேட் திறந்திருப்பதைப் பார்த்து மாடுகள் தாமாகவே நடையை எட்டிப் போட்டன. நல்லதம்பியும் வாலை முறுக்கினான். கொஞ்சம் ஓட்டினால் தாண்டிவிடலாம் என்கிற தூரம்தான். உடையப்பனும் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினான், சங்கிலியைக் கோத்தான், பூட்டைப் போட்டான். வண்டி கதவுக்கு நாலு முழம் முன்னால் வந்து நின்றது.

"என்னங்க கேட்காரரே, ஒரே எட்டுல போயிருப்பேனே. கண்ணுக்கு எட்டுன மட்டும் ஒரு பொகையக் காணோம்."

"கூட்ஸ் வருது. ஸ்பெஷலு."

"தெனமுமா ஸ்பெஷலு வருது?"

"நான் என்ன செய்ய? வேணும்னா ஸ்டேஷன்ல போய்க் கேளுங்க."

நல்லதம்பி எதையோ முணுமுணுத்துக்கொண்டு மாட்டை அவிழ்க்காமலேயே வண்டிக்கடியில் துண்டை விரித்தான். தலையில் தயிர்ப்பானையோடு வந்த பிச்சையம்மாள், பக்கத்துச் சந்துவழியாக ஒருக்களித்து நுழைந்து தண்டவாளத்தைத் தாண்டினாள். "நடந்து போறவளுக்கு என்ன பூட்டு, என்ன சாவி?" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே புதுக்கோட்டை டவுன் பாதையில் போனாள். உடையப்பன் டவுன் பக்கத்துக் கதவையும் பூட்டிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் வந்து தன் ஒற்றை அறை வீட்டுக்குள் புகுந்துகொண்டான்.

உண்மையைச் சொல்லிவிடலாம். அன்றைக்கு எந்த ஸ்பெஷலும் வருவதாக அவனுக்குத் தெரியாது. எட்டுப் பத்துக்கு டவுனிலிருந்து தெற்கே போகிற பாசஞ்சர் ஒன்றுதான் அவன் அறிந்த வண்டி. அதற்குப் பத்து நிமிஷம் முன்னால், அதாவது எட்டு மணிக்கு, கேட்டைப் பூட்டினால் போதும் என்பது விதி. ஏழரையிலிருந்து எட்டு வரைக்கும் உள்ள அரைமணி நேரம் ரயிலுக்கானது அல்ல, உடையப்பனுக்கானது. அந்த அரைமணியில் அவன் நெடுங்கதை எழுதினான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது, கார்த்திகை மாதம். உடையப்பனுக்கு முப்பத்தைந்து வயது. எட்டாவது வரைக்கும் படித்தவன். ரயில்வேயில் சேர்ந்து பதினொரு வருஷம், இந்தக் கேட்டுக்கு வந்து ஆறு வருஷம். பிரயாணிகள் ஜன்னல் வழியாக எறிந்துவிட்டுப் போகிற பத்திரிகைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் படித்தே அவனுக்கு எழுத்துப் பைத்தியம் பிடித்தது. இரண்டு சின்னக் கதைகள் அச்சிலும் வந்துவிட்டன. இரண்டாவது கதை வந்த மாதம் பத்திரிகை ஆசிரியர் கைப்பட ஒரு கார்டு எழுதியிருந்தார். "உங்களிடம் ஒரு நீண்ட கதை இருக்கிறது என்று தோன்றுகிறது. தினமும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் உட்காருங்கள். தை முதல் தேதிக்குள் முடித்து அனுப்பினால் புத்தகமாகப் போடுவது பற்றி யோசிக்கலாம்." அந்தக் கார்டை அவன் எத்தனை முறை படித்திருப்பான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. எண்ணெய்க் கறை படிந்து எழுத்து மங்கிவிட்டது. அதனால் என்ன, மனப்பாடம்தானே.

தினமும் ஒரே நேரத்தில் உட்காருங்கள் என்று எழுதுவது சுலபம். ரயில்வே கேட்டில் குடியிருந்து பார்த்தால் அல்லவா தெரியும்! ராத்திரி உட்கார்ந்து பார்த்தான். விளக்கொளியில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் புரண்டு புரண்டு படுத்தார்கள். விடியற்காலையில் உட்கார்ந்தான். தண்டவாளத்தைச் சோதித்துக்கொண்டு நடந்து வருகிற ரயில்வேக்காரர் சிவசாமி, "என்னப்பா, சுடுதண்ணி கெடைக்குமா?" என்று வந்து சம்மணம் போட்டுவிடுவார். பகலிலோ, சொல்லவே வேண்டாம். கேட் திறந்திருந்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்றான். வெற்றிலை கேட்டான், நெருப்புக் கேட்டான், மாப்பிள்ளை வீட்டுச் சண்டையைச் சொன்னான். உடையப்பன் ஒரு பாரா எழுதுவதற்குள் ஏழு பேருடைய வீட்டு விவகாரம் காதில் ஏறிவிடும்.

போன ஆடியில் ஒருநாள் கூட்ஸ் வண்டி ஒன்று சொன்ன நேரத்துக்கு வராமல் நாற்பது நிமிஷம் தாமதித்தது. கேட்டைப் பூட்டியது பூட்டியபடி கிடந்தது. பாதையில் வந்தவர்கள் எல்லாரும் கதவுக்கு அந்தப் பக்கமே நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தரும் உள்ளே வரவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். உடையப்பன் சும்மா இருப்பானேன் என்று நோட்டை எடுத்தான். கூட்ஸ் ஊதும்போது ஏறிட்டுப் பார்த்தால் இரண்டு பக்கம் முடிந்திருந்தது. அடேயப்பா! அவன் வாழ்க்கையில் ஒரே இருப்பில் இரண்டு பக்கம் எழுதியது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் எட்டு மணிக் கேட்டை ஐந்து நிமிஷம் முன்னால் மூடினான். ஒருத்தரும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் இன்னும் ஐந்து. கூட்ஸ் எப்போது வரும் என்று ஊரில் யாருக்குத் தெரியும்? கேட்காரன் சொன்னால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இப்படியே திருடித் திருடி ஏழரைக்கு வந்து சேர்ந்தான். அதற்கு முன்னால் போகத் துணிச்சல் இல்லை. வண்டிக்காரர்கள் முதலில் கத்தினார்கள், பிறகு பழகிப்போனார்கள். தினம் ஏழெட்டு வண்டிகள் அரைமணி நேரம் சும்மா நின்றன. உடையப்பனுக்கு அது உறுத்தாமல் இல்லை. உறுத்தும்போதெல்லாம் பக்கங்களை எண்ணினான். ஐப்பசி முடிவில் நூற்றுத் தொண்ணூறு பக்கம். பழக்கம் என்பது என்ன லேசான பொருளா? ஏழரை மணிக்கு அந்தப் பூட்டு 'க்ளிக்' என்று விழுந்ததும் அவன் கை தானாகவே ஊறியது. ஞாயிற்றுக்கிழமையில்கூட ஊறியது.

மனைவி தங்கமுத்துவுக்கு இது தெரியும். அவளிடம் எதை மறைக்க முடியும்? எட்டுப் பத்து வண்டிக்கு எட்டு மணிக்குத்தான் பூட்ட வேண்டும் என்பது அவளுக்கும் ஆறு வருஷப் பாடம். ஒருநாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "ஊரு சனமெல்லாம் வெயில்ல காயுது. அப்படி என்னத்த எழுதிக் கிழிக்கிறீங்க?" அவன் நோட்டை எடுத்து முதல் அத்தியாயத்தை வாசித்தான். கட்டுமாவடிக் கடற்கரையிலிருந்து கழுதைமேல் உப்பு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக மேற்கே நடக்கிற அமராவதி என்கிற பெண்ணின் கதை அது. தங்கமுத்து அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். நடுவில் முறம் நின்றுவிட்டது. முடிந்ததும், "அந்தப் பொம்பள புள்ளையையும் தூக்கிக்கிட்டா நடக்குறா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாளிலிருந்து ஏழரை மணிக்குக் கேட் விழுந்ததும் ஒரு குடம் தண்ணீரும் சொம்புமாக வண்டிக்காரர்களிடம் போய் நின்றாள். தண்ணீர் குடித்தவர்கள் அவ்வளவாகக் கத்துவதில்லை.

அன்றைக்கும் அவள் குடத்தோடு போய்விட்டாள். உடையப்பன் பலகைமுன் உட்கார்ந்தான். பக்கம் இருநூற்றுப் பதினேழு. கதையில் அமராவதி மூன்று நாளாக வெள்ளாற்றங்கரையில் நிற்கிறாள். ஆற்றில் வெள்ளம். இடுப்பில் ஜுரத்தில் கிடக்கிற பிள்ளை. அக்கரையில் பரிசல்காரன். மூன்று நாளும் உடையப்பனுக்கு அவளை ஆற்றைக் கடக்கவைக்கத் தெரியவில்லை. பரிசல்காரனை நல்லவனாக்கினால் கதை சப்பென்று போகிறது. கெட்டவனாக்கினால் பொய்யாகத் தெரிகிறது. தினமும் இரண்டு வரி எழுதி இரண்டு வரியையும் அடித்தான். தைக்கு நாற்பது நாள்கூட இல்லை. இந்த ஆற்றைத் தாண்டவில்லை என்றால் புத்தகமும் இல்லை, ஒன்றும் இல்லை. மறுபடியும் ரயில் ஜன்னலிலிருந்து விழுகிற பத்திரிகையைப் பொறுக்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

பேனாவை மசியில் தொட்டுக்கொண்டு எழுதினான். 'அவள் கூப்பிட்டது அக்கரையில் இருந்த பரிசல்காரன் காதில் விழுந்தது.' நிறுத்தினான். உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுதான், இதுதான். அவன் நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். இனி அவன் என்ன செய்கிறான் என்பதுதான் கதை. 'விழுந்தும்' என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினான். டைம்பீஸில் ஏழு நாற்பது.

"கேட்டைத் தொறங்க! ஐயா, கேட்டைத் தொறங்க!"

புதுக் குரல். வண்டிக்காரர்களின் வழக்கமான கத்தல் இல்லை அது. உடையப்பன் காதில் அது விழுந்தது. விழவில்லை என்று அவன் பின்னால் ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியாது. பேனா நகர்ந்துகொண்டிருந்தது.

தங்கமுத்து ஓடிவந்து வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது. "என்னங்க, புள்ளத்தாச்சிப் பொண்ணு. வண்டியில போட்டுக் கொண்டாந்திருக்காக. நேத்துப் பொழுது சாய எடுத்த வலியாம். புள்ள குறுக்க கெடக்குன்னு மருத்துவச்சி கைவிட்டுட்டாளாம். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும். எந்திரிங்க."

"ஒரு நிமிஷம்."

"என்னங்க!"

"ஒரே நிமிஷம் தங்கம். இந்த வரி போயிருச்சுன்னா திரும்ப வராது."

சாவி மசிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. தங்கமுத்து அதைப் பார்த்தாள். கை நீட்டினால் எட்டும். ஆறு வருஷத்தில் அவன் கையிலிருந்து அல்லாமல் அந்தச் சாவியை அவள் தொட்டதில்லை. அது சர்க்கார் சாவி. நின்றாள். வெளியே அந்தக் குரல் இன்னும் உயர்ந்தது. அதற்கு அடியில் வேறொரு குரல், வார்த்தையில்லாமல், நீளமாக. உடையப்பன் எழுதினான். அடித்தான். திரும்ப எழுதினான். கடைசியில் வாக்கியம் வந்து நின்றது. அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். ஏழு நாற்பத்தைந்து.

கதவுக்குப் பக்கத்தில் வந்து பூட்டில் கை வைத்தபோது தெற்கே சத்தம் கேட்டது. வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறுகிற கடகடப்பு. ஆறு வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம். பாலத்திலிருந்து இந்தக் கேட்டுக்கு ஆறு நிமிஷம் என்பதும் பழகிய கணக்குதான். பாசஞ்சர் தெற்கிலிருந்து வராது. அப்படியென்றால் கூட்ஸ். அவன் வாயால் சொல்லிச் சொல்லி ஊரை ஏமாற்றிய அந்த ஸ்பெஷல், இன்றைக்கு முன்தகவல் எதுவும் இல்லாமல் நிஜமாகவே வந்துகொண்டிருந்தது.

ஆறு நிமிஷம் இருக்கிறது, விட்டுவிடலாமா? இரண்டு பூட்டு, இரண்டு சங்கிலி, நாலு கதவு. நல்லதம்பியின் வண்டியும் இன்னும் இரண்டு வண்டிகளும் முன்னால் வழியை அடைத்து நிற்கின்றன. அவற்றை ஒதுக்கி, பின்னால் நிற்கிற வண்டியை முன்னுக்குக் கொண்டுவந்து, தண்டவாளத்து மேட்டில் ஏற்றி... ஒரு மாடு மிரண்டால் போதும். உடையப்பன் பூட்டிலிருந்து கையை எடுத்தான்.

"வண்டி வருதுப்பா. தொறக்கக் கூடாது. பாலத்துல ஏறிருச்சு."

வண்டியிலிருந்து குதித்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பெயர் கருப்பன். இருபத்தைந்து வயது இருக்கும். மேற்கே எட்டு மைல் உள்ளே ஏதோ காட்டுப்பட்டியிலிருந்து வருகிறான். பின்னால் வைக்கோல்மேல் அவன் மனைவி செவந்தி. சிவப்புக் கட்டம் போட்ட சேலை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கருப்பனின் ஆத்தா ராக்காயி, மருமகளின் முகத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"சாமி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒரு தடவ தொறந்துவிடுங்க சாமி," என்றான் கருப்பன்.

"அஞ்சே நிமிஷம். கூட்ஸ் போனதும் ஒடனே தொறந்துடுறேன்."

கூட்ஸ் வந்தது. ஆனால் போகவில்லை. டவுன் பக்கத்தில் ஒரு பர்லாங் தள்ளி நின்ற கைகாட்டி இறங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் அதன் அடியில் போய் ஊதிவிட்டு நின்றது. பின்னால் முப்பது நாற்பது பெட்டிகள். கேட்டின் நட்டநடுவில், பாதைக்குக் குறுக்கே, தார்ப்பாய் கட்டிய நாலு பெட்டிகள் அசையாமல் நின்றன. வண்டி நின்றதும் அதன் சத்தத்தில் மறைந்திருந்த செவந்தியின் குரல் வெளியே வந்தது.

கருப்பன் சந்துவழியாகப் புகுந்து ஓடினான். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருந்த இணைப்பைத் தொட்டுப் பார்த்தான். "இதுமேல தூக்கிக் கொண்டுபோயிருவேன். அங்கிட்டு யாராச்சும் வாங்கிக்கிட்டாப் போதும். விறகு வண்டியண்ணே, வாங்கண்ணே!" என்று கூவினான். உடையப்பன் பாய்ந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தான். "மடத்தனம் பண்ணாதய்யா. சொல்லாம கொள்ளாம இழுப்பான். மூணு பேரும் துண்டாப் போயிருவீக." கருப்பன் அவன் கையை உதறினான். அறைந்துவிடுவான் போலிருந்தது. அறைந்திருந்தால்கூட உடையப்பனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வேறு வழி தெரியாமல் உடையப்பன் எஞ்சினை நோக்கி ஓடினான். ஜல்லிக்கல்லில் கால் புரண்டது. ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டி ஓடும்போது மனசு வேறொரு கணக்குப் போட்டது. அவர்கள் வந்தபோது ஏழு நாற்பது. பாலத்துச் சத்தம் ஏழு நாற்பத்தைந்துக்குமேல். கத்தினவுடனே எழுந்திருந்தால் வண்டி அந்நேரம் டவுன் பாதையில் அரை மைல் போயிருக்கும். அதைவிட, ஏழரைக்குப் பூட்டாமலே இருந்திருந்தால் நல்லதம்பியும் போயிருப்பான், இவர்களும் நிற்காமலே போயிருப்பார்கள். எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் அந்த ஐந்து நிமிஷம் அவன் நோட்டில்தான் போய் விழுந்தது.

எஞ்சின் டிரைவர் சவரியப்பன் வயசானவர். புகை படிந்த முகத்தை வெளியே நீட்டி, "என்னய்யா, என்ன?" என்றார்.

"கேட்ல ஒரு பிரசவக் கேஸுங்க. ரொம்பக் கஷ்டத்துல இருக்கு. கொஞ்சம் முன்னால எடுத்தீங்கன்னா..."

"கைகாட்டி எறங்காம எப்படிப்பா எடுப்பேன்? எதுக்கால பாசஞ்சர் நிக்கிது ஸ்டேஷன்ல. ஒனக்குத் தெரியாததா?" என்றவர் உடையப்பனின் முகத்தைப் பார்த்தார். சங்கிலியைப் பிடித்து இழுத்து ஊதினார். நீளமாக ஊதி, நிறுத்தி, மறுபடியும் ஊதினார். ஸ்டேஷன் காதில் விழுகிறவரைக்கும் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டவர்போல ஊதிக்கொண்டே இருந்தார். உடையப்பன் கைகாட்டியின் அடியில் நின்று அண்ணாந்து அந்தப் பலகையைப் பார்த்தான். கடவுளே, இறக்கு. எறக்கித் தொலைடா. அதற்குமேல் அவனுக்குப் பிரார்த்தனை வரவில்லை.

பதினெட்டு நிமிஷம் கழித்துப் பலகை இறங்கியது. அவன் திரும்பக் கேட்டுக்கு ஓடிவரும்போது பெட்டிகள் அவனுக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில் ஊர்ந்தன. கார்டு பெட்டி தாண்டியதும் பூட்டுகளைத் திறந்தான். இனி எந்த நிமிஷமும் பாசஞ்சர் புறப்படலாம், திறப்பது விதிப்படி தப்பு. திறந்தான். நல்லதம்பி தன் வண்டியை முன்னமே பள்ளத்தில் இறக்கி வழி விட்டிருந்தான். கருப்பனின் வண்டி தண்டவாளத்தில் ஏறி இறங்கியபோது செவந்தியின் தலை வைக்கோலில் இப்படியும் அப்படியும் ஆடியது. இப்போது அவள் கத்தவில்லை. அதுதான் உடையப்பனை உலுக்கியது.

வண்டி கண்ணுக்கு மறைந்ததும் நல்லதம்பி பக்கத்தில் வந்து நின்றான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளைங்க, கேட்டு பூட்டியிருந்துச்சு. நான் என்னமோ கரிச்சுக் கொட்டிக்கிட்டுக் கெடந்தேன். தொறந்து கெடந்திருந்தா அந்தப் பய வெறியில வண்டிய ஓட்டி, சரியா நடுத் தண்டவாளத்துல கூட்ஸு அடிச்சிருக்கும். மூணு உசுரக் காப்பாத்துனீங்க," என்றான். மற்ற வண்டிக்காரர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தன் கும்பிடக்கூடச் செய்தான். உடையப்பன் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். ஊதல் கேட்டது. கேட்டை மூடப் போய்விட்டான்.

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. தங்கமுத்துவும் பரிமாறவில்லை. மத்தியானம் அவள், தையல் விட்ட நோட்டிலிருந்து கழன்று பலகையின்மேல் இறைந்து கிடந்த தாள்களைப் பொறுக்கி, பக்க எண் பார்த்து அடுக்கி, தகரப் பெட்டியில் வைத்தாள். இருநூற்றுப் பதினேழாவது பக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவளுக்கு அவ்வளவு வேகமாகப் படிக்க வராது. 'அவள் கூப்பிட்டது அக்கரையில் இருந்த பரிசல்காரன் காதில் விழுந்தது. விழுந்தும் அவன் புகைத்து முடிக்கிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை.'

"இதுக்குத்தானா?" என்றாள்.

உடையப்பன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "கொளுத்திப்புடு தங்கம். அடுப்புல போடு. நமக்கு இந்தக் கழுதையெல்லாம் எதுக்கு?"

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள். குரலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. "கொளுத்திட்டா மட்டும் அந்தப் பொண்ணு எந்திரிச்சு உக்காந்துருமா? நீங்க ஒரு நிமிஷம்னீக. நானும் நின்னேன்ல. சாவி என் கைக்கு எட்டுற தூரத்துலதான் கெடந்துச்சு. நான் எதக் கொண்டுபோய்க் கொளுத்துறது?" தாளைப் பெட்டியில் வைத்து மூடினாள். "எழுத வேணாம்னு நான் சொல்லல. கேட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு எழுதுங்க," என்றாள்.

மறுநாள் முழுக்கத் தகவல் இல்லை. டவுனுக்குப் போய்வந்த சிவசாமி மட்டும் ஒரு சேதி கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நேற்று ஒரு பிரசவக் கேஸ் தவறிப்போனதாகப் பேசிக்கொண்டார்களாம். எந்த ஊர், என்ன பெயர் என்று அவர் விசாரிக்கவில்லை. "தெனம் நாலு கேஸு வருது. அதுல எது யாருன்னு யாருப்பா கண்டா?" என்று சொல்லிவிட்டுச் சுடுதண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். உடையப்பன் டவுனுக்கு ஓடிவிடலாமா என்று நினைத்தான். கேட்டை விட்டு நகர முடியாது. அவன் போட்ட பூட்டு இப்போது அவனையே கட்டிப்போட்டது.

மூன்றாம் நாள் காலை ஏழரை ஆனது. கை ஊறியது, பாழாய்ப்போன கை. உடையப்பன் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டு, நோட்டையும் பலகையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, திறந்த கதவுக்குப் பக்கத்தில் போட்டிருந்த பழைய மரக்கட்டையில் உட்கார்ந்தான். நல்லதம்பியின் வண்டி நிற்காமல் வந்தது. "என்னங்க, இன்னிக்கு ஸ்பெஷலு இல்லையா?"

"இல்ல. இனிமே கெடையாது."

"அன்னிக்கு வந்துச்சே."

"அன்னிக்கு மட்டுந்தான் வந்துச்சு. மத்த நாளெல்லாம் நான் சொன்னது பொய்."

நல்லதம்பி வண்டியை நிறுத்தி அவனைப் பார்த்தான். நோட்டைப் பார்த்தான். சிரிப்பதா திட்டுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. காறித் துப்பிவிட்டு மாட்டைத் தட்டினான். பின்னால் பிச்சையம்மாள் வந்தாள், அகலமாகத் திறந்து கிடந்த கேட்டின் நடுவே நடந்தாள். "என்னத்த எழுதுறீக? ரயில்வே கணக்கா?" என்று கேட்டாள். "கதை" என்றான் உடையப்பன். "எந்தக் கதை?" என்று பானையை இறக்கி வைத்துவிட்டாள். அவளுக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு ஒரு வார்த்தை எழுதினான். சைக்கிள்காரன் ஒருவன் நெருப்புக் கேட்டான். கொடுத்துவிட்டு இன்னொரு வார்த்தை எழுதினான். பரிசல்காரன் துடுப்பை எடுத்தான் என்பதற்குமேல் நகரவில்லை. ஆனால் எடுத்துவிட்டான். பாதையின் இரண்டு பக்கத்தையும் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டே அரை வாக்கியம் எழுத அரைமணி ஆனது.

சரியாக எட்டு மணிக்கு எழுந்து கேட்டைப் பூட்டினான். எட்டுப் பத்துக்கு டவுன் ஸ்டேஷனில் ஊதல் கேட்டது, கைகாட்டிக்கு அப்பால் புகை எழும்பியது. அப்போதுதான் டவுன் பாதையின் திருப்பத்தில் அந்த வண்டி தெரிந்தது. வலது மாட்டின் உடைந்த கொம்பை வைத்து அடையாளம் கண்டுகொண்டான். கருப்பன் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். மாடுகளை விரட்டவில்லை. தங்கமுத்து உள்ளேயிருந்து ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மூணே நாள்ல திரும்பிட்டாகளே," என்றாள். "பொழச்சிருந்தா ஆஸ்பத்திரியிலயே படுக்க வச்சிருக்க மாட்டாகளா?" பிறகு அவளே, "பொறப்பு நல்லபடியா ஆயிட்டா அனுப்பிருவாகளோ என்னமோ," என்றாள். உடையப்பன் கையைக் குவித்து, "எப்புடி இருக்கு?" என்று பலங்கொண்ட மட்டும் கத்தினான். எஞ்சின் நடுவில் புகுந்து அவன் குரலை வாரிக்கொண்டு போனது.

பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓடின. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே ஒரு கண் சிமிட்டல் அளவுக்கு அந்தக் கரை தெரிந்தது. முதல் இடைவெளியில் கருப்பனின் தலைப்பாகை. அடுத்ததில் ராக்காயி, மடியில் வெள்ளைத் துணி மூட்டை. அந்த மூட்டை அசைந்ததா, வண்டியின் ஆட்டமா? அடுத்ததில் மாட்டின் உடைந்த கொம்பு மட்டும். அடுத்ததில் வைக்கோல், அதன்மேல் சிவப்புக் கட்டம் போட்ட சேலை. படுத்திருக்கிறதா, உட்கார்ந்திருக்கிறதா, முகம் மூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்குள் பச்சைப் பெட்டி ஒன்று வந்து மறைத்தது. தங்கமுத்துவின் கை அவன் கையைப் பிடித்தது. உடையப்பன் சாவியைப் பூட்டுக்குள் நுழைத்து வைத்துக்கொண்டான். இன்னும் இரண்டு பெட்டிகள் இருந்தன.